பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்துக்கு மேற்கு

(நகர் குடியிருப்போர் குழு, தாம்பரம் மாநகராட்சி. சனிக்கிழமை காலை)

செயலாளர் பாஸ்கர்: அனைவருக்கும் வணக்கம். வாட்டர் டேங்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தை மழைக்கு முன்னால் சுத்தம் செய்து, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, பிள்ளைகளுக்கு ஒரு ஷட்டில் கோர்ட் அமைக்கலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறோம். வீட்டுக்கு 2,000 ரூபாய். ஜிபே எண் குழு விவரத்தில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் கொட்ட வேண்டாம்.

ஜோசப் மாமா: (படம்: இனிய காலை வணக்கம், ரோஜாப்பூ)

ஜோசப் மாமா: நல்ல காரியம் தம்பி. கோர்ட் சிமெண்ட் தரையா, மண் தரையா?

செயலாளர் பாஸ்கர்: சிமெண்ட்தான் மாமா. மண் என்றால் ஒரு மழைக்குத் தாங்காது.

தையல்கடை ரஹீமா: 2,000 கொடுக்கிறேன் அண்ணா, அது பெரிதில்லை. ஆனால் அந்த இடம் யாருடையது? போன மாதம் ஒருவர் காரில் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். என் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இந்தப் பக்கம் கிரவுண்டு என்ன விலை போகிறது?" என்று கேட்டார். நமக்கு வேலி போட உரிமை இருக்கிறதா?

செயலாளர் பாஸ்கர்: இத்தனை வருஷமாகச் சும்மா கிடக்கிற இடம்மா. யாரும் வந்து கேட்டதில்லை.

தையல்கடை ரஹீமா: இப்போது ஒருவர் வந்திருக்கிறாரே.

டாடா ஏஸ் முருகன்: நான் வண்டி நிறுத்துவதும் அங்கேதான். வேலி போட்டால் ராத்திரி வண்டியை எங்கே விடுவது என்று யாராவது யோசித்தீர்களா?

2ஆம் தெரு மீனா: முருகன் அண்ணா, உங்கள் வண்டி நிற்பதால்தான் அந்த ஒரு மூலையிலாவது குப்பை விழாமல் இருக்கிறது. மற்ற மூன்று மூலையையும் போய்ப் பாருங்கள். டயபர், உடைந்த கமோடு, யாரோ கொண்டுவந்து போட்ட பழைய மெத்தை.

12ஆம் மனை கலா: ஒரு நிமிஷம். அந்த இடத்தை ஒட்டி இருப்பது எங்கள் வீடுதான். அப்பா வாங்கிய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை எழுதியிருக்கும் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

12ஆம் மனை கலா: (படம்)

12ஆம் மனை கலா: படத்தில் எழுத்து தெளிவாக இல்லை. அப்படியே தட்டச்சு செய்கிறேன். "13 நெ. மனைக்கும் தெற்கு, 24 அடி அகல ரோட்டுக்கும் வடக்கு, 11 நெ. மனைக்கும் கிழக்கு, பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்துக்கும் மேற்கு, இதன் மத்தியில்..."

ரஹீமா: அட! பூங்கா என்றே எழுதியிருக்கிறதா?

வருவாய் ஆய்வாளர் சுந்தரம் ஐயா (ஓய்வு): கலா, அதே பத்திரத்தில் சொத்து விவரத்துக்கு மேலே பி.பி.டி./எல்.ஓ. என்று ஆரம்பித்து ஒரு எண் இருக்கிறதா பாரம்மா, அதுதான் லேஅவுட் அனுமதி எண். சர்வே நம்பரையும் சேர்த்து எனக்கு அனுப்பு. குழுவில் போடாதே, தனியாக அனுப்பு. பாஸ்கர், வசூலை இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள்.

செயலாளர் பாஸ்கர்: மூன்று பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் ஐயா.

சுந்தரம் ஐயா: பத்திரமாக இருக்கட்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். லேஅவுட் போடுகிறவர் 10,000 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வைத்திருந்தால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அதைத்தான் ஓ.எஸ்.ஆர். என்கிறார்கள். 3,000 முதல் 10,000 வரை இருந்தால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடலாம், அதற்கு மேல் அந்தச் சலுகை கிடையாது. நம் லேஅவுட் 4 ஏக்கர், அதாவது 16,000 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ரோட்டைக் கழித்தால் 12,000 நிற்கும். அதில் பத்தில் ஒரு பங்கு 1,200. கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால், நம் கணக்கில் ஐந்து கிரவுண்டுக்கு மேல். டேங்குக்குப் பின்னால் இருக்கும் இடமும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே?

செயலாளர் பாஸ்கர்: இருக்கும் ஐயா. அப்படியென்றால் அந்த இடத்துக்கான விலையை நாம் எல்லோரும் மனை வாங்கும்போதே கொடுத்துவிட்டோம் என்றுதானே அர்த்தம்?

சுந்தரம் ஐயா: வேறு யார் கொடுத்தது? லேஅவுட் போட்டவர் தன் கையிலிருந்தா விட்டுக் கொடுத்தார்? மிச்ச மனைகளின் விலையில் ஏற்றித்தான் விற்றிருப்பார்.

வக்கீல் தேன்மொழி: இந்த 10 சதவீத விதி செல்லாது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. பூங்காவுக்கு என்று திட்டத்தில் காட்டிய இடத்தை வேறு வேலைக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதைவிடப் பழைய சங்கதி. பெங்களூரு ராஜமஹால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். அங்கே குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் நாம் இப்போது நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. தானப் பத்திரம் எழுதப்பட்டதா என்று மட்டும் பாருங்கள்.

மீனா: எப்படிப் பார்ப்பது அக்கா?

தேன்மொழி: பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். பார்க்க மட்டும் என்றால் காசு இல்லை. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே நம்பர் கொடு. மனை எண் கொடுக்காதே, கொடுத்தால் அந்த ஒரு மனைக்கு உள்ளது மட்டும்தான் வரும்.

(சனிக்கிழமை இரவு)

மீனா: கிடைத்துவிட்டது!! நீளமான பட்டியல், கண் வலித்துவிட்டது. நம் எல்லோருடைய கிரயமும் வரிசையாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் 1996-இல் ஒரு பதிவு. எழுதிக் கொடுத்தவர் லேஅவுட் போட்டவர், பெற்றவர் "செயல் அலுவலர், பேரூராட்சி". சொத்து விவரத்தில் ரோடுகளும் "பூங்கா இடமும்" என்று இருக்கிறது.

ரஹீமா: கைதட்டலாமா?

ஜோசப் மாமா: (படம்: வாழ்த்துகள், பட்டாசு)

சுந்தரம் ஐயா: கொஞ்சம் பொறுங்கள். இ-சேவை தளத்தில் அ-பதிவேட்டையும் (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) பார்த்தேன். அந்த உட்பிரிவுக்குப் பட்டா இன்னும் லேஅவுட் போட்டவர் பெயரில்தான் நிற்கிறது. பத்திரம் பேரூராட்சி பெயரில், பட்டா பழைய ஆள் பெயரில். நான் வேலையில் இருந்த காலத்தில் பார்த்த வில்லங்கங்களில் பாதி இந்த மாதிரிதான். வாரிசுகள் பட்டாவைக் காட்டி அட்வான்ஸ் வாங்குவார்கள், வாங்குகிறவர் டேப்போடு வருவார். கம்பி வேலியை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போடலாம், பட்டா மாறிவிட்டால் அசைக்க முடியாது. முதலில் அதை முடிப்போம்.

செயலாளர் பாஸ்கர்: பேரூராட்சியே இப்போது இல்லையே ஐயா?

சுந்தரம் ஐயா: அது எங்கே போய்விடும்? 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். நம் பேரூராட்சியின் சொத்தெல்லாம் அதற்குள்தான் வரும். பத்திரத்தின் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி, "இது உங்கள் இடம், உங்கள் பெயருக்குப் பட்டா மாற்றுங்கள், சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள், போர்டு வையுங்கள்" என்று ஆணையருக்கு மனு கொடுக்க வேண்டும். போர்டு முக்கியம். மாநகராட்சிக்குச் சொந்தமான இடம் என்று ஒரு தகரம் நின்றால் போதும், டேப் வைத்து அளக்க வருகிறவர் காரை விட்டே இறங்க மாட்டார்.

முருகன்: எல்லாம் சரி ஐயா. என் வண்டி?

(ஞாயிற்றுக்கிழமை காலை)

செயலாளர் பாஸ்கர்: முருகா, டேங்க் சுவரை ஒட்டி ரோடு முட்டும் இடத்தில் ஒரு வண்டி தாராளமாக நிற்கும். இப்போது அங்கே ஜல்லியும் எம்சாண்டும் கொட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டு வேலை முடிந்த பிறகும் எடுக்காமல் இருப்பது யார் என்று அவருக்கே தெரியும். பெயர் சொல்லவில்லை.

முருகன்: அதை எடுத்தால் எனக்குப் போதும். எடுக்க என் வண்டியையே தருகிறேன், டீசல் மட்டும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மீனா: ஒரு கேள்வி. மாநகராட்சி இடம் என்றால் நாம் வசூல் செய்வது எதற்கு? அவர்களே பூங்கா அமைக்க மாட்டார்களா?

சுந்தரம் ஐயா: அமைக்கலாம், வரிசை எப்போது வரும் என்று யார் கண்டது? "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நம் 62 வீடும் 2,000 கொடுத்தால் 1,24,000. அதைக் கமிட்டி கணக்கில் வைத்துக் கம்பி வாங்கினால் அந்தத் தொகைக்குத்தான் வேலை நடக்கும். மாநகராட்சியில் கட்டினால் 3,72,000 வரைக்கும் மதிப்பீடு கேட்கலாம். எம்.புக் (வேலையை அளந்து குறிக்கும் புத்தகம்) எழுதுவது, டெண்டர் எல்லாம் அவர்கள் தலைவலி.

செயலாளர் பாஸ்கர்: 62 வீடும் கொடுக்கும் என்ற நம்பிக்கையை மெச்சுகிறேன் ஐயா. போன தடவை சிசிடிவிக்கு வசூலித்தபோது நான் ஏறி இறங்காத மாடி இல்லை.

ரஹீமா: இந்தத் தடவை பத்திரத்தில் பூங்கா என்று எழுதியிருப்பதைக் காட்டிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் எல்லோரும் கட்டைவிரல் காட்டுவதோடு சரி.

ஜோசப் மாமா: நேற்று கேட்டதை மறுபடியும் கேட்கிறேன். சிமெண்ட் வேண்டாம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டார்களே, அந்த மழையில் நம் நாலு தெருத் தண்ணீரும் வந்து நின்றது அந்தக் காலி இடத்தில்தான். முழங்கால் அளவுக்கு நின்றது, நாலாம் நாள் வடிந்தது. நம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறவில்லை. அதை மேடாக்கிச் சிமெண்ட் பூசினால் அந்தத் தண்ணீர் யார் வீட்டு வாசலைத் தேடும்? பள்ளத்தில் இருப்பது கலா வீடும் என் வீடும்.

கலா: மாமா சொல்வது நிஜம். அப்பா அப்போது படியில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோசப் மாமா: 2019 கோடையில் இதே தெருவில் போர்வெல் எல்லாம் காற்றுதான் இறைத்தது. லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அவரவர் நினைத்துப் பார்க்கட்டும். என் யோசனை இதுதான். நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தூர்க்காமல் விட்டு, அதில் இரண்டு உறைகிணறு இறக்குவோம். அடியில் கருங்கல் ஜல்லி, மேலே மணல். தெருத் தண்ணீர் நேராக உள்ளே விழக் கூடாது, முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டி அதில் தேங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மழையில் உறை அடைத்துக்கொள்ளும். டேங்க் பக்கம் மேடாக இருப்பதால் பிள்ளைகள் அங்கே மண் தரையில் ஆடட்டும். நாங்கள் ரயில்வே காலனியில் மண்ணில்தான் ஆடினோம், யாருக்கும் காலொன்றும் போய்விடவில்லை.

மீனா: மாமா, குட் மார்னிங் படம் தவிர வேறு எதுவும் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன் 😄

ஜோசப் மாமா: முப்பது வருஷம் தண்டவாளத்துக்குக் கீழே வடிகால் பார்த்தவன்மா நான்.

தேன்மொழி: மரம்?

ஜோசப் மாமா: புங்கன், மகிழம், ஓரத்தில் ஒரு நாவல். ஈ.பி. லைன் போகிற பக்கம் எதுவும் வேண்டாம், அப்புறம் அவர்கள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போவார்கள்.

ரஹீமா: இன்னொரு விஷயம். இப்போதுதான் சொத்து வரி ரசீதை எடுத்தேன். அதில் நூலக வரி என்று தனியாகப் பிடித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் நூலகமே இல்லையே?

சுந்தரம் ஐயா: சொத்து வரியில் 10 சதவீதம் அது, பொது நூலகச் சட்டம் 1948 காலத்து ஏற்பாடு. பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகும். கிளை கேட்டு மனு கொடுக்கலாம், ஆனால் இடம் காட்டச் சொல்வார்கள். பூங்கா இடத்தில் கட்டடம் கூடாது, அதை மட்டும் கலக்காதீர்கள்.

ரஹீமா: ரேஷன் கடை மாடி காலியாகத்தான் இருக்கிறது. சரி, அதை அடுத்துப் பார்ப்போம்.

செயலாளர் பாஸ்கர்: இப்போதைக்குப் பூங்கா மட்டும். மனுவைத் தேன்மொழி எழுதுவார். ஏரியா சபை, அதாவது நம் பகுதி வாக்காளர்கள் கூட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும், அதிலும் இதை வைப்போம். 2022-இல் முதல் ஏரியா சபை நடந்தபோது முதல்வரே நம் மாநகராட்சிக்குள் பம்மலுக்கு வந்து உட்கார்ந்தார். கவுன்சிலரிடம் அடுத்த தேதியைக் கேட்டுச் சொல்கிறேன்.

தேன்மொழி: சிட்லபாக்கத்துக்காரர்கள் ஏரியில் முதலில் தாங்களே இறங்கித் தூர் வாரினார்கள், அப்புறம்தான் 2019-இல் அரசு 25 கோடி அறிவித்தது. அதனால் மனு கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டாம். குப்பையை மட்டுமாவது அடுத்த ஞாயிறு எடுப்போம். குப்பை எடுக்க யாருடைய பட்டாவும் தேவையில்லை.

கலா: கையெழுத்து எங்கே?

ரஹீமா: என் கடையில் வைக்கிறேன். புதன்கிழமை வரை. பேனாவை மட்டும் தயவுசெய்து திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்.

முருகன்: நான் வாடகை வீட்டில் இருப்பவன். நானும் கையெழுத்துப் போடலாமா?

சுந்தரம் ஐயா: ஏரியா சபைக்குச் சொந்த வீடு, வாடகை வீடு என்றெல்லாம் கிடையாது. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீ உறுப்பினர்தான். இருக்கிறதா?

முருகன்: எனக்கு இருக்கிறது. வீட்டுக்காரிக்குத்தான் இன்னும் திண்டிவனத்திலேயே கிடக்கிறது.

மீனா: வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8 அண்ணா. ஆதாரும் வாடகை ஒப்பந்தமும் எடுத்துக்கொண்டு அண்ணியைச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், ஆன்லைனில் போட்டுவிடலாம்.

முருகன்: ஒப்பந்தம் வீட்டு ஓனரிடம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.