பேரரசாக்கம் போதாது, பேரரசேற்பும் வேண்டும்

வணக்கம் ஐயா,

பேரரசாவதைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்வைத்த ‘பேரரசாக்கம்’ நல்ல சொல். ஆனால் ஒரு நாடு பிற நாடுகளைப் பிடித்துப் பெருப்பதையும், அதன் அரசன் மன்னர்களுக்கு மேலான பட்டத்தைச் சூடிக்கொள்வதையும் அந்த ஒரே சொல்லில் அடைத்தால், மிகுபுனைவு (ஃபேன்டசி கதைகள்) எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் திண்டாடிப்போவோம். இரண்டாவதற்குப் ‘பேரரசேற்பு’ என்று வைக்கலாமா? பதவியேற்பு, பொறுப்பேற்பு போல.

இரண்டும் சேர்ந்தே வருவதில்லை. கி.மு. 241இல் சிசிலியின் பெரும்பகுதி ரோமின் கைக்கு வந்துவிட்டது. ஆக்டேவியன் ‘அகஸ்டஸ்’ என்ற பட்டத்துடன் ரோமின் முதல் பேரரசன் ஆனது கி.மு. 27இல்தான். இடையில் இருநூறு ஆண்டுக்கு மேல் பேரரசு இருந்தது, பேரரசன் இல்லை. விக்டோரியாவை 1877இல் டில்லியில் இந்தியப் பேரரசி என்று பறைசாற்றினார்கள். அதனால் அவர் ஆட்சியில் ஒரு சாண் நிலம்கூடக் கூடவில்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசை ஆண்ட பொகாசா 1976இல் தன்னைப் பேரரசன் என்று அறிவித்தது வெறும் ஏற்பு, ஆக்கமே கிடையாது.

‘சக்கரவர்த்தியாதல்’ போதாதா என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளை நினைத்துப் பாருங்கள். சிறிய அரசு; அங்கே அது குலப்பெயராகவே நிலைத்துவிட்டது. நம் வாசகர்களுக்கு அந்தச் சொல் குழப்பம்தான் தரும்.

ஏற்பு என்றால் யாரோ கொடுத்து வாங்கியது போல ஒலிக்கிறது என்பதும் ஒரு மறுப்பு. பிராங்கிய மன்னன் சார்லமேனுக்கு 800இல் போப்பாண்டவர் முடிசூட்டினார், நெப்போலியன் 1804இல் தானே எடுத்துச் சூடினான். பதவியேற்பு இரண்டு விதத்துக்கும் பொருந்துகிறதே, இதுவும் பொருந்தும்.

புனைவுக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. பட்டத்தை அடுத்தவன் வாயால் சொல்லவைப்பதில்தான் கதையே இருக்கிறது. நம் கொழும்பு நூதனசாலையில் உள்ள, இலங்கையின் காலி நகரில் கிடைத்த 1409ஆம் ஆண்டின் மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். அதன் தமிழ்ப் பகுதி சீன அரசனை அரசர்க்கெல்லாம் மேலானவனாகப் புகழ்கிறது. கடல் கடந்து வந்து, நம் மொழியில், நம் தீவில் நட்ட கல்! மூன்று தீவுகளைப் பிடித்தவுடனே தன்னைப் பேரரசன் என்கிற கதைமன்னர்களுக்கு அந்த வேலை எவ்வளவு பாடு என்று தெரிவதில்லை.

சரி, இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 1806இல் இரண்டாம் பிரான்சிஸ் புனித ரோமப் பேரரசர் பட்டத்தைக் கைவிட்டார். ஆனால் ஆஸ்திரியப் பேரரசராகத் தொடர்ந்தார். இதை முடிதுறப்பு என்று சொல்ல முடியாது. ‘பட்டத்துறப்பு’ எப்படி?