'சன்பேதர்' மாதிரி வேறு ஆல்பம் சொல்லுங்களேன்

நண்பர்களே, சான்பிரான்சிஸ்கோவின் டெஃப்ஹெவன் குழு 2013இல் வெளியிட்ட 'சன்பேதர்' என்னை விடமாட்டேன் என்கிறது. பிளாக் மெட்டல் (ராக்கில் இருண்ட, அலறல் நிறைந்த வகை)தான், ஆனால் அட்டை இளஞ்சிவப்பு! டிரம்ஸ் வெளுத்து வாங்கும்போதே கிட்டார் ஷூகேஸ் என்ற மங்கலான ராக் பாணியில் பனிமூட்டமாகப் பரவுகிறது. பாடகர் ஜார்ஜ் கிளார்க்கின் அலறல் அதற்குள் பாதி புதைந்து கிடக்கிறது. முதல் பாட்டு 9 நிமிடம் கொட்டித் தீர்த்ததும், அடுத்ததில் கிட்டாரும் பியானோவும் மட்டும். அங்கேதான் ஆள் காலி. 'வெர்டிகோ' 14 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, கொஞ்சம் நீளம்தான். இருந்தாலும் தள்ளிவிட மனசு வரவில்லை.

பிரான்ஸின் அல்செஸ்ட் குழுவைக் கேட்டாயிற்று. அப்புறம் யாரைக் கேட்கலாம்? அலறல் இருந்தால் பரவாயில்லை, மெட்டு இருக்க வேண்டும். வேகத்தை மட்டும் காட்டும் குழுக்கள் வேண்டாம். எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.