வீட்டு பேக்கப்புக்கு நாஸ் பெட்டியா, யூஎஸ்பி டிஸ்க்கே போதுமா? (கொழும்பு, ஒரு லட்சத்துக்குள்)

கனால்_லேன்:
வெள்ளவத்தையில் ஃபிளாட். இரண்டு லேப்டாப், நான்கு போன், அப்பா ஸ்கேன் பண்ணிவைத்த பழைய ஆல்பங்கள், தங்கச்சியின் கலியாண வீடியோ என்று எல்லாம் சேர்த்து 1.5 டிபி வரும். 2021 ஜூனில் கூகுள் ஃபோட்டோஸ் இலவசத்தை நிறுத்தியதிலிருந்து காசு கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. யூனிட்டி பிளாசாவில் விசாரித்தேன். நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருக்கும் பொதுவான டிஸ்க் பெட்டி, அதில் சைனாலஜி டிஎஸ்223ஜேயும் 4 டிபி டிஸ்க் இரண்டும் எடுக்கச் சொன்னார்கள். டிஸ்க் தனிக்காசு என்பதால் கூட்டினால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் இரண்டு யூஎஸ்பி டிஸ்க்கைக் கொழுவினால் போதும் என்கிறான் மச்சான். எது சரி?

தெமட்டகொட_நானா:
பெட்டியை எடுங்கள் தம்பி. மச்சானின் பை விளையாட நல்லதுதான். ஆனால் பை 4-இல் யூஎஸ்பி துளை நான்குக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். 2.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போதே ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இரண்டைக் கொழுவினால் நடுச்சாமத்தில் ஒன்று கழன்றுபோகும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சரி, தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் போடலாம். அப்போது மேசைக்குக் கீழே மூன்று அடாப்டர், மேலே ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளை அப்டேட் பண்ணிக்கொண்டு நீங்கள். பெட்டி என்றால் உம்மாவின் போன் வைஃபைக்குள் வந்ததும் படம் தானாக ஏறும்.

பழைய_டிஸ்க்:
நானா கடை வைத்திருக்கிறாரோ தெரியாது :) தம்பி, ஒரே விஷயத்தை இரண்டு டிஸ்க்கில் எழுதுகிற ரெயிட் 1 பேக்கப்பே இல்லை. இதை எந்தக் கடைக்காரனும் சொல்லமாட்டான். ஃபோல்டர் ஒன்றைத் தவறி அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கிற ரான்சம்வேர் லேப்டாப்பில் புகுந்தால் பெட்டியில் பகிர்ந்துவைத்ததும் சேர்ந்து பூட்டுப்படும். ஐப்பசி இடி லைனில் இறங்கினால் பெட்டியோடு எல்லாம் போச்சு. டிஸ்க் ஒன்று பழுதானால் தப்பலாம், அவ்வளவுதான் ரெயிட்டின் வேலை.

2023இல் நம் அரசாங்கத்தின் கிளவுட்டுக்கு நடந்தது மறந்துவிட்டதா? ரான்சம்வேர் உள்ளே வந்து, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரைக்குமான அரச மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. ஒன்லைனில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டது, அந்தக் காலத்துக்கு வயர் கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்தக் கதி.

யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கு. ஒன்று வீட்டில், மற்றது வேறு வீட்டில். மாதமொருமுறை மாற்று. மிச்சக் காசுக்கு நல்ல யூபிஎஸ் வாங்கலாம்.

தெமட்டகொட_நானா:
கடை இல்லை, சின்ன ஒஃபிஸ்களுக்கு நெட்வொர்க் போடுகிறேன். செத்த டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரு யூஎஸ்பி பேக்கப்பும் இருக்கும். திறந்து பார்த்தால் கடைசிக் கோப்பு இரண்டு வருடம் பழசு. மாதமொருமுறை கொழுவுவேன் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். நீங்கள் சொல்வது தப்பில்லை அண்ணன், செய்வதற்குத்தான் ஆள் இல்லை.

அழிந்த ஃபோல்டரை மீட்க, அவ்வப்போதைய நிலையைப் பெட்டியே பதிந்துவைக்கிற ஸ்னாப்ஷாட் இருக்கிறதே. நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

பழைய_டிஸ்க்:
தம்பி கேட்டது 223ஜே. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்குகிற முறை அதில் எக்ஸ்ட்4 மட்டும்தான். ஸ்னாப்ஷாட் வேண்டுமென்றால் பிடிஆர்எஃப்எஸ் என்ற முறை ஓடவேண்டும், அதற்கு ஜே இல்லாத 223. அது இன்னும் விலை. மலிவுப் பெட்டியைக் காட்டி விலைப்பெட்டியின் குணத்தைச் சொல்லாதீர்கள் நானா.

தெமட்டகொட_நானா:
அது சரி. ஆனால் சைனாலஜியின் பேக்கப் மென்பொருளான ஹைப்பர் பேக்கப் 223ஜேயிலும் உண்டு. பின்னால் யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைக் கொழுவினால் இரவில் தானாக எழுதும், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும்.

கனால்_லேன்:
ஒஃபிஸில் பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றைச் சும்மா தருகிறார்கள். அதில் ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டால்?

மின்பில்_அக்கா:
கரண்ட் பில் சும்மா வராது தம்பி. சும்மா ஓடும்போதே 40 வாட் என்று வையுங்கள். நாள் முழுக்க, மாதம் முழுக்க என்றால் 28.8 யூனிட். 16 வாட் இழுக்கிற சின்னப் பெட்டிக்கு 11.5 யூனிட்தான். இங்கே வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180 யூனிட் எல்லையில் நிற்கிற வீடு என்றால் அந்தப் பதினேழு யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். உங்கள் பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

சண்டையில் இரண்டு பேரும் விட்டது ஒன்று. டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று கேளுங்கள், டிஸ்க்கில் தடம் எழுதுகிற இரண்டு விதம் அவை. கடையில் கேட்டால் முழிப்பார்கள், மொடல் நம்பரை வாங்கி நீங்களே தேடுங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும், ஒன்றைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதவேண்டும். பெரிய அளவில் எழுதும்போது ஆமை வேகம். சீகேட்டின் 4 டிபி பாராகுடா எஸ்எம்ஆர், ஐயன்வுல்ஃப் சிஎம்ஆர். டபிள்யூடி ரெட் வரிசையிலேயே சத்தமில்லாமல் எஸ்எம்ஆர் கலந்திருந்தது 2020இல் வெளிவந்து பெரிய பிரச்சினையானது.

பழைய_டிஸ்க்:
அக்கா சொன்னது தங்கமான விஷயம். இன்னொன்று, 'வெளியிலிருந்தும் படம் பார்க்கலாம்' என்று ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதே. 2021 ஜூனில் டபிள்யூடியின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் டிஸ்க்குகளை இணையம் வழியாகவே துடைத்தார்கள், 2015க்குப் பிறகு அப்டேட் வராத சாமான் அது. அடுத்த ஜனவரியில் கியூநாப் கம்பனியின் நாஸ் பெட்டிகளை டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் பூட்டியது. என் யூஎஸ்பி டிஸ்க்கை அலுமாரிக்குள் வந்து ஹக் பண்ணச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தெமட்டகொட_நானா:
போர்ட் திறக்க நானும் சொல்லவில்லை, போர்ட் திறக்காமலே வெளியிலிருந்து இணைக்க டெய்ல்ஸ்கேல் இருக்கிறது. அலுமாரி டிஸ்க் பூஞ்சணம் பிடித்து, காலி வீதி உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். யூபிஎஸ் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியதே, அப்படி ஒரு வெட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தால் கஷ்டம். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரைப் பெட்டியில் கொழுவினால் கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக ஒழுங்காக மூடும்.

மின்பில்_அக்கா:
நான் நடுவில் ஒரு யோசனை சொல்லட்டுமா? டிஸ்க் இரண்டுதான் வாங்கமுடியும் என்றால் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் ஏன் அடைக்கவேண்டும்? ஒன்று பெட்டியில். மற்றதை யூஎஸ்பி உறையில் போட்டு, ஹைப்பர் பேக்கப்பால் நிரப்பி, வேறு வீட்டில். பெட்டி டிஸ்க் செத்தால் திரும்ப நிரப்ப ஒரு நாள் போகும். போகட்டும், வீடுதானே, வங்கியா?

தெமட்டகொட_நானா:
ஆரம்பத்துக்குப் பரவாயில்லை. சைனாலஜியின் சொந்த ரெயிட் முறையான எஸ்எச்ஆரில் தொடங்குங்கள், காசு வரும்போது இன்னொரு டிஸ்க்கைச் செருகினால் எதையும் அழிக்காமல் இரட்டையாகும். வெளியே போகிற டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போடுங்கள். அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் சைனாலஜிக்காரனாலும் திறக்கமுடியாது, ஆகவே வீட்டில் இன்னொருவருக்கும் தெரியவேண்டும்.

பழைய_டிஸ்க்:
பெட்டி எரிந்துபோனால் அந்த ஹைப்பர் பேக்கப் டிஸ்க்கை எதில் திறப்பது? என் டிஸ்க்கை எந்த லேப்டாப்பிலும் கொழுவலாம்.

தெமட்டகொட_நானா:
ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் என்று விண்டோஸிலும் மேக்கிலும் ஓடுகிற மென்பொருள் இலவசமாக இருக்கிறது. பெட்டியே தேவையில்லை.

கனால்_லேன்:
வேறு வீடு என்றால் வெல்லம்பிட்டியில் பெரியம்மா வீடுதான் கிட்ட.

மின்பில்_அக்கா:
ஐயோ, களனி கங்கை பெருகினால் முதலில் அங்கேதான் தண்ணீர். 2016 மே மாதம் மறந்துபோச்சா? மேல்மாடி வீடாகப் பாருங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் யாழ்ப்பாணத்தில் ஒன்றை வைக்கலாம். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் போகிறவர் என்றால் வருடத்துக்கு ஒரு பேக்கப்தான் கிடைக்கும்.

பழைய_டிஸ்க்:
ஒரே டிஸ்க் போடப்போகிறாய் என்றால் இரண்டு துளைப் பெட்டிக்கு எதற்குக் காசு? டிஎஸ்124 கேட்டுப்பார். ஒரே துளை, 223ஜேயை விட மலிவு, அதில் பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஸ்னாப்ஷாட்டும் ஓடும். நானா சிரிப்பார்.

தெமட்டகொட_நானா:
சிரிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பிறகு இரட்டையாக்க முடியாது என்பது மட்டும் மனதில் இருக்கட்டும்.

கனால்_லேன்:
சனிக்கிழமை பம்பலப்பிட்டி போகிறேன். 124 கையிருப்பில் இருக்கிறதா, 4 டிபி ஐயன்வுல்ஃப் என்ன விலை என்று கேட்டுவந்து இங்கே போடுகிறேன். ஒப்டிபிளெக்ஸ் சும்மா வேண்டுமென்றால் யாராவது சொல்லுங்கள்.