வீட்டு ஆற்றல் சான்றிதழ்: கணக்கை நம்புவதா, மீட்டரை நம்புவதா?

மீட்டர்வழி:
இங்கிலாந்தில் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ, அது எவ்வளவு ஆற்றல் சிக்கனமானது என்று காட்டும் ஆற்றல் சான்றிதழ் வேண்டும். ஏ முதல் ஜி வரை தரம், 10 ஆண்டு செல்லுபடி. 'இ' தரத்துக்குக் கீழே போனால், விலக்கு பதிவு செய்யாமல் வாடகைக்கு விட முடியாது. இவ்வளவு பிடி உள்ள அந்தத் தாள், வீட்டில் எரிந்த எரிவாயுவை ஒரு யூனிட்கூடப் பார்ப்பதில்லை. மதிப்பீட்டாளர் சுவரின் வகையையும் கட்டிய காலத்தையும் குறிப்பார். மிச்சத்தை மென்பொருள் ஊகிக்கும். இடைவெளி இல்லாத பழைய செங்கல் சுவருக்கு யு மதிப்பு (சுவர் வழியே வெப்பம் வெளியேறும் வேகம்; குறைந்தால் நல்லது) 2.1 என்றே பல ஆண்டுகள் போட்டார்கள். சுவரில் கருவி வைத்து அளந்தால் குறைவாக வந்தது, 2017-ல் 1.7 ஆக்கினார்கள். மீட்டரைப் பார்த்திருந்தால் இந்தப் பிழை முன்பே தெரிந்திருக்கும்.

சுவர்க்கணக்கு:
மீட்டர் அளப்பது வீட்டை அல்ல, குடியிருப்பவரை. ஓர் அறையை மட்டும் சூடாக்கி முடங்கியிருக்கும் முதியவரின் வெப்பம் கசியும் வீடு நல்ல தரம் வாங்கிவிடும். பகலெல்லாம் குழந்தைகள் இருக்கும் நல்ல வீடு தோற்கும். அதனால்தான் கணக்கில் கூடத்துக்கு 21 டிகிரி, ஆள் எண்ணிக்கை தளப்பரப்பை வைத்து என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோல்.

தரம் இறங்குவது பல நேரம் ஆதாரம் இல்லாததால்தான். பரண் கதவு ஆணியடித்து மூடியிருந்தால், உள்ளே 270 மி.மீ. வெப்பக்காப்பு இருந்தாலும் கட்டிய காலத்துக்குரிய இயல்பு மதிப்புதான் விழும். மதிப்பீட்டாளர் வருமுன் கதவைத் திறந்து வையுங்கள். இரட்டைச் சுவரின் நடு இடைவெளியை வெப்பக்காப்பால் நிரப்பியதற்கான உத்தரவாதச் சான்று, பாய்லரின் மாடல் எண், ஜன்னல் மாற்றிய ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். வாய்வார்த்தை செல்லாது.

மீட்டர்வழி:
ஜெர்மனியில் நுகர்வுச் சான்றிதழ் இருக்கிறதே! குறைந்தது 36 மாதத் தொடர் நுகர்வை எடுத்து, வானிலைக்கு ஏற்பத் திருத்துகிறார்கள்.

சுவர்க்கணக்கு:
அதே ஜெர்மனிதான், 5 வீட்டுக்குக் குறைவான பழைய கட்டடங்களுக்கு அதை மறுக்கிறது: கட்ட விண்ணப்பித்தது 1977 நவம்பருக்கு முன், பிறகும் அந்த ஆண்டின் வெப்பக்காப்புத் தரத்துக்கு உயர்த்தப்படவில்லை என்றால் கணக்கிட்ட சான்றிதழ்தான் வேண்டும். நாற்பது வீடுள்ள கட்டடத்தில் ஒருவரின் சிக்கனமும் இன்னொருவரின் தாராளமும் சமனாகும். இரண்டு வீட்டில் ஆகாது.

வெப்பமானி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இங்கிலாந்தில் இதுவரை தந்த வீட்டுச் சான்றிதழ்களில் தரத்தைத் தீர்மானிப்பது எரிசக்திச் செலவு. எரிவாயுவைவிட மின்சாரம் யூனிட்டுக்குப் பல மடங்கு விலை. ஆகவே எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் வைத்தால் கார்பன் குறையும், தரமோ சில வீடுகளில் இறங்கும்! இது மிகவும் தவறான சமிக்ஞை.

வீட்டையே அளக்கவும் வழி உண்டு. குளிர்காலத்தில் காலி வீட்டை மின் ஹீட்டர்களால் ஒரே சீராக 25 டிகிரியில் ஓரிரு வாரம் வைத்து, செலவான சராசரி மின்திறனை (வாட்) உள்-வெளி வெப்ப வேறுபாட்டால் வகுத்தால், ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் இழப்பு என்பது வந்துவிடும். வெயிலால் வரும் சூட்டையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

மீட்டர்வழி:
எல்லா வீட்டையும் காலி செய்ய முடியாதே. ஸ்மார்ட் மீட்டரோடு அறை வெப்பமானிகளை இணைத்தால், ஆள் இருக்கும்போதே அந்த எண்ணை நெருங்கலாம். முதியவரின் அறை 15 டிகிரி என்பதும் பதிவாகிவிடும். உங்கள் ஆட்சேபம் அங்கே தீர்கிறது.

சுவர்க்கணக்கு:
பெரும்பாலும் தீர்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிரும் ஒட்டுச்சுவர் வீடுகளில் பக்கத்து வீட்டுச் சூடு உள்ளே வரும். அவர்கள் ஊருக்குப் போன மாதத்தில் அதே வீடு மோசமாகத் தெரியும். ஒட்டுச்சுவருக்கு அப்பாலுள்ள வெப்பத்தையும் பதிவு செய்யாமல் அந்த எண்ணை வைத்து வாடகைத் தடை போடக் கூடாது.