ஹேமர் பேய்ப் படங்களின் இசை: பழைய பதிவு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் எடுத்த பேய்ப் படங்களுக்கு ஜேம்ஸ் பெர்னார்ட் அமைத்த ஆர்கெஸ்ட்ரா இசையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

1958-ல் வந்த 'டிராகுலா'வின் தொடக்கம் பலருக்கும் நினைவிருக்கும். டிரா-கு-லா என்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போலவே மூன்று சுரங்கள் இடி மாதிரி இறங்கும். அதே மெட்டை ஒரு முழுச் சுரம் தள்ளி இன்னொரு பிரிவும் கூடவே வாசிக்கும். அந்த உரசலில்தான் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது 1955-ன் 'குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்'. வயலின் குடும்பமும் தாளக் கருவிகளும் மட்டும்தான், ஊதுகருவி ஒன்றுகூடக் கிடையாது. எவ்வளவு பயம் காட்டுகிறார்!

பின்னாளில் வேறு ஆர்கெஸ்ட்ராக்கள் வாசித்த பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. படத்துக்காக அன்று பதிவான ஒலிதான் வேண்டும். இசைத்தட்டோ சிடியோ, எங்கே வாங்கலாம்? 'குவாட்டர்மாஸ்' இசையின் நோட்டேஷன் விற்பனைக்கு உண்டா? நண்பர்களோடு வாசித்துப் பார்க்க ஆசை.

அப்புறம், 'தி ஸ்கல்' (1965) படத்துக்கு எலிசபெத் லட்யன்ஸ் அமைத்த இசை தனியாகக் கிடைக்கிறதா? தெரிந்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.