'லிமிடெட் எடிஷன் சிங்கிள்': தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

சியாட்டில் ராக் இசை பற்றி ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். நிர்வானா குழுவின் முதல் வெளியீடான 'லவ் பஸ்', 1988 நவம்பரில் சப் பாப் நிறுவனத்திடமிருந்து ஏழு அங்குல வினைல் தட்டாக வந்தது. 1000 படிகள், உறையில் ஒவ்வொன்றுக்கும் கையாலேயே எண் எழுதினார்கள். சந்தா கட்டியவர்களுக்கு மாதம் ஒரு தட்டு அனுப்பும் திட்டத்தில் முதலாவதும் இதுதான். மூலத்தில் 'லிமிடெட் எடிஷன் சிங்கிள்' என்று இருக்கிறது, அதாவது ஆல்பமாக இல்லாமல் ஒரு பாட்டை முன்னிறுத்தி, குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிடும் தட்டு. 'ஒற்றையர்' என்று போட்டால் டென்னிஸ் ஆகிவிடுகிறது. உதவுங்கள்.
– கா.

-----

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது: தனிப்பாடல். காப்பியத்திலும் சேராமல் தொகையிலும் சேராமல் தானே நிற்கும் பாட்டுக்குப் பல நூற்றாண்டுகளாக இதுதானே பெயர்? தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காக வகுக்கிறது. முத்தகம் என்பது தனித்து நின்று பொருள் முடிவது. ஆல்பம் என்றால் தொகை, ஒரே கதையைத் தொடர்ந்து பாடும் ஆல்பம் தொடர்நிலை, சிங்கிள் முத்தகம். நான்கில் மூன்று அப்படியே பொருந்துகிறது, குளகத்துக்கும் யோசித்தால் ஏதாவது கிடைக்கும்.
– ந.மு.

-----

> சிங்கிள் முத்தகம்

ஐயா, முத்தகம் வடசொல். 'முத்து + அகம்' என்று பிரித்துக் காட்ட யாராவது வருமுன் சொல்லிவிடுகிறேன், அது 'முக்தக'. தனிப்பாடல் என்றாலோ வாசகருக்குக் காளமேகம்தான் நினைவுக்கு வருவார். அப்படியே எடுத்துக்கொண்டாலும் 'தனிப்பாடல் தட்டு' என்று விட முடியாது, லகரத்தின் பின் தகரம் வந்தால் 'தனிப்பாடற்றட்டு' என்றல்லவா புணரும்?
– இரா.

-----

பாடற்றட்டு என்று எழுதினால் பாடல் அற்ற தட்டு என்றுதான் என் மாணவர்கள் படிப்பார்கள். 'கடல்தாண்டி' என்று எல்லோரும் எழுதும் காலம் இது. புரிகிற சொல் கொடுங்கள், புணர்ச்சியை அப்புறம் பார்க்கலாம்.
– செ.

-----

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. சீடியை நாங்கள் இறுவட்டு என்கிறோம், தமிழகத்திலும் வன்வட்டு, குறுவட்டு எல்லாம் புழக்கத்தில் வந்துவிட்டன. ஆகவே வட்டு என்றே வைக்கலாம். அடுத்தது, இதில் 'தனி' எங்கே இருக்கிறது? மறுபக்கத்தில் 'பிக் சீஸ்' என்று இன்னொரு பாட்டு உண்டே. 'இருபாடல் வட்டு' என்பதுதான் உண்மையான வருணனை.
– த.

-----

வினைல் தட்டுகளுக்கு வட்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வானொலியில் இசைத்தட்டு, இசைத்தட்டு என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம், கையில் இருக்கும் சொல்லை ஏன் கழற்றிப் போட வேண்டும்?

அது இருக்கட்டும். தட்டு சேகரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லோரும் 'சிங்கிள்' மேலேயே நிற்கிறீர்கள், 'லிமிடெட்' பக்கம் யாரும் போகவில்லை. 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்றால் கம்பெனிப் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது. வரையறுத்தது யார், எதை? இந்தத் தட்டை ஒருவர் தேடி அலைவது அந்தக் கையெழுத்து எண்ணுக்காக. போலிகள் நிறைய வந்துவிட்டதால் உறையின் அச்சு, எண், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் உள்ள வெற்று வளையம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்த வளையத்தில், 'அந்தக் கிட்டார்களைக் கொடுத்துவிட்டு மண்வாரி வாங்கிக்கொள்ளக்கூடாதா' என்ற பொருளில் ஒரு வரி கீறியிருக்கும். (அந்த வளையத்துக்கும் ஒரு சொல் தேவை, அதற்குத் தனி இழை திறக்கிறேன்.) ஆக, 'எண்ணிட்ட பதிப்பு' என்பதே என் வாக்கு.
– வே.

-----

எண்ணிடாத சில படிகளும் சுற்றில் உண்டே, அவற்றை என்ன செய்வது? பதிப்பு என்பதும் புத்தகத்துக்கு உரியது. இது பதிப்பதில்லை, உலோக அச்சுக்கு நடுவில் சூடான வினைலை வைத்து அழுத்துவது. 'குறையழுத்தம்' என்று யோசித்தேன்.
– இரா.

-----

குறையழுத்தம் என்றால் மருத்துவரிடம் போகச் சொல்வார்கள் ஐயா. மண்வாரி சரிதானா? எங்கள் ஊரில் மண்வெட்டிதான்.
– செ.

-----

மண்வெட்டி வெட்டுவதற்கு, வாரி அள்ளுவதற்கு. கருவியே வேறு.
– வே.

-----

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை அனுப்ப வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்தால் தட்டுக்கு மூன்று பேர், வட்டுக்கு ஒருவர், 'எண்ணிட்ட' என்பதற்கு இரண்டரை பேர். முதல் இடத்தில் 'எண்ணிட்ட பதிப்பாக வந்த தனிப்பாடல் தட்டு' என்று எழுதி, 1000 படிகள் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிட்டேன். அடுத்த இடங்களில் வெறும் 'தனித்தட்டு'. எண்ணிடாத படிகள் பற்றி மூலத்தில் பேச்சே இல்லை, அதனால் இந்த முறை தப்பித்தோம்.
– கா.

-----

தனித்தட்டு என்றால் பந்தியில் தனியாக வைத்த தட்டு. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இருபாடல் வட்டு.
– த.

-----

குளகத்துக்குப் பொருத்தம் கிடைத்துவிட்டது: பல பாட்டு சேர்ந்து ஒரு வினைகொண்டு முடிவது குளகம், அப்படியானால் நான்கு பாட்டு உள்ள ஈ.பி. தட்டுக்கு அதை வைக்கலாம். விரிவாக இரவு எழுதுகிறேன்.
– ந.மு.