மறு: 'டிரிபிள் அசெஸ்மென்ட்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> மார்பகக் கட்டிக்கான 'டிரிபிள் அசெஸ்மென்ட்' என்பதைக் கையேட்டில் 'மும்முறைப் பரிசோதனை' என்று போட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து உண்டா?

வணக்கம் ஐயா,

'மும்முறை' வேண்டாமே. உங்கள் வரைவை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் படிக்கக் கொடுத்தேன். "மூணு தடவை வரச் சொல்லணுமா மேடம்?" என்றார். இது ஒரே சோதனையை மூன்று தடவை செய்வதல்ல. கையால் தடவிப் பார்ப்பது, ஸ்கேனோ மாமோகிராமோ (மார்பக எக்ஸ்ரே) எடுப்பது, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பது என்று மூன்றும் வேறு வேறு.

'மும்முனை' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்டதும் எனக்குப் பம்புசெட் கரண்டுதான் ஞாபகம் வந்தது. 'முத்தரப்பு' என்றால் பேச்சுவார்த்தை.

'முச்சான்று ஆய்வு' எப்படி? மூன்றும் தனித்தனிச் சாட்சிகள். ஒன்று சொல்வதை வைத்து மற்றதைத் தள்ளிவிட முடியாது. கைக்குக் கட்டி நன்றாகத் தட்டுப்படும், மாமோகிராமில் ஒன்றும் இருக்காது. "படம் நார்மல், போயிட்டு வாங்க" என்று தவறு நடப்பது அங்கேதான். இளவயதில் திசு அடர்த்தியாக இருப்பதால் கட்டி படத்தில் மறைந்துவிடும். 30 வயதுக்குக் கீழே அல்ட்ராசவுண்டை முதலில் எடுப்பது அதனால்தான். விரலுக்கடியில் நழுவி ஓடுகிற கட்டி, ஸ்கேனில் ஓரம் சுத்தம், ஊசியிலும் ஃபைப்ரோஅடினோமா (புற்று அல்லாத கட்டி) என்றால் சாட்சிகள் மூன்றும் ஒரே பேச்சு. ஒன்று பிசகினாலும் கட்டியை விடக் கூடாது. அந்தப் பிசகுக்கு 'சான்று முரண்' என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது.

பக்கத்து அத்தியாயத்தில் 'மார்பு வலி' என்று இருப்பதை 'மார்பக வலி' ஆக்கிவிடுங்கள். மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு பக்கமும் வலிக்கிறது என்று வந்த பெண்ணின் சீட்டில் அப்படி எழுதப்போய், அவரை ஈசிஜி எடுக்கப் படுக்க வைத்துவிட்டார்கள்.

---

முச்சான்று பிடித்திருக்கிறது அம்மா. ஆனால் நம் ஊரில் சான்று என்றால் சாதிச் சான்று, வருமானச் சான்று. மூன்று சர்டிபிகேட்டோடு வந்து நின்றால்?

---

நிற்பார்கள்தான் ஐயா! நோயாளி கையில் கொடுக்கும் தாளில் 'மூன்று வகைச் சோதனை' என்றே இருக்கட்டும். 'பயாப்ஸி'க்கும் அதில் 'சதை டெஸ்ட்' போதும், அவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள், "ஊசி குத்தினா பரவிடுமா?" என்பதற்கு 'பரவாது' என்று பக்கத்திலேயே ஒரு வரி சேருங்கள். முச்சான்று மருத்துவர், செவிலியர் பகுதிக்கு.